வராத விருந்தாளியின் பெயரில் ஒரு சி.டி.

பசுவந்தனையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு எங்கள் மைக் செட்டுதான். அப்பா ஆரம்பித்தது. கொடை, சடங்கு, காதுகுத்து, கல்யாணம், எழவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வேப்பமரத்தில் குழாய் கட்டியவர்கள் நாங்கள். விடியக்காலை சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி ராத்திரி கடைசிப் பந்தி எழும்வரை ஊர் எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது எங்கள் வீடு. ஆகவே பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. காது கெட்ட பயல் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து குழாய்க்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிற காது, கொஞ்சம் கெடத்தானே செய்யும்.

அந்த உரிமையில் சொல்கிறேன். தமிழ் ரத்தத்தில் யார் போட்ட முதல் ராப் ஆல்பத்தை வேண்டுமானாலும் கொண்டுவந்து வையுங்கள், என் ஓட்டு 'அருளர்' ஆல்பத்துக்குத்தான். மாதங்கி மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் லண்டனிலிருந்து 2005 மார்ச்சில் போட்டது. பாட்டு முழுக்க ஆங்கிலம். அதுவும் ஜமைக்காக்காரர்களோடும் லண்டன் தெருப்பிள்ளைகளோடும் பழகிய ஆங்கிலம். பாதி எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் என்ன? காருகுறிச்சியார் நாயனத்தில் எந்த மொழியில் பேசினார் என்று கேட்டுவிட்டா கோவில்பட்டியில் அவருக்குச் சிலை வைத்தார்கள்?

எனக்கு இந்தப் பெயர் தெரியவந்தது 2009 பிப்ரவரியில். டீக்கடைப் பேப்பரில் ஒரு போட்டோ. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் மேடையில் நிற்கிறாள். பக்கத்தில் கோட்டுப் போட்ட நாலு ஆம்பளைகள். அமெரிக்காவின் கிராமி விருது மேடை. அன்றைக்குத்தான் பிரசவத் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்களாம். மூன்று நாளில் பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்த நாலு பேர் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ராப் உலகத்தின் நாலு ஜமீன்கள். அவர்கள் அன்று பாடிய பாட்டே இந்தப் பெண்ணின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன்மேல் கட்டியது. அதாவது விருந்தாளி மாதிரி நின்றவள் வீட்டுக்காரி. வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றவர்கள் விருந்தாளிகள். அதே மாதம் ரகுமானுக்கு ஆஸ்கர் கிடைத்து நம் ஊரெல்லாம் வெடி. 'ஜெய் ஹோ'வைப் போட்டுப் போட்டு என் சி.டி. தேய்ந்தது. ஆனால் அதே 'ஸ்லம்டாக்' படத்தில், அதே ஆஸ்கர் பட்டியலில், 'ஓ சாயா' என்று இன்னொரு பாட்டும் இருந்தது. அதில் ரகுமானோடு பாடியதும் இவர்தான். அதைக் கேட்ட ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், இவருடைய முதல் ஆல்பம் எனக்கு வேண்டும்.

கோவில்பட்டியில் ஏறி இறங்காத கடை இல்லை. தூத்துக்குடியிலும் கேட்டாயிற்று. பெயரைச் சொன்னால், 'அருளரா? பக்திப் பாட்டா அண்ணாச்சி?' என்பார்கள். ஒரு கடைப் பையன் அருணகிரிநாதரையே எடுத்துக் கொடுத்துவிட்டான். கடைசியில் சிங்கப்பூரில் வெல்டராக இருக்கிற அத்தை மகனிடம் சொல்லிவைத்தேன். 'மாப்ளே, ஊருக்கு வாரப்ப வாங்கியாரேன்' என்றார் அத்தான். அவர் வந்தது 2010 பொங்கலுக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷமும் நான் பாட்டைக் கேட்கவில்லை, பாட்டைப் பற்றித்தான் கேட்டேன். கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தேன். (பாட்டையே இறக்கிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த சென்டரில் ஹெட்போனில் ஒரு காதுதான் வேலை செய்யும். ஒற்றைக் காதில் கேட்கிற பாட்டா இது?)

படித்ததில் ஓர் ஆறுதல். இந்த ஆல்பத்துக்காக உலகமே காத்துக்கிடந்திருக்கிறது. 2003இல் 'கலாங்' பாட்டை வெறும் 500 தட்டுகள் அடித்து வெளியே விட்டிருக்கிறார்கள். அந்த 500 போதும், வைக்கோல்போரில் விழுந்த நெருப்பு மாதிரி ஆகிவிட்டது. 2004 செப்டம்பரில் ஆல்பம் வருகிறது என்றார்கள், வரவில்லை. அடுத்தவர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு அனுமதி வாங்கி முடியவில்லை. தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. நடுவில் டிப்ளோ என்ற இசைக்காரரோடு சேர்ந்து 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' என்று ஒரு மிக்ஸ்டேப்பை அவரே வெளியே விட்டு, பசித்தவர்களுக்கு முறுக்குக் கொடுத்து உட்காரவைத்த மாதிரி உட்காரவைத்தார். பந்தி விரித்தது 2005 மார்ச்சில்தான். அந்த வருஷமே இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இனி அந்த ராத்திரி. பொங்கலுக்கு மறுநாள். பின்பருவ மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம். உளுந்து எடுத்த கரிசல் காட்டில் கால் வைத்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். செட்டு வைக்கிற ஷெட்டில் நானும் அப்பாவும் அத்தானும். குழாயில் போடவில்லை. குழாய் உயர்ந்த ஓசைக்குத்தான் ஆகும், அடியோசையைத் தின்றுவிடும். பதினெட்டு இஞ்ச் பொட்டி இரண்டை எதிரெதிரே வைத்து, ஆம்ப்ளிபயரைச் சூடுபண்ணி, சி.டி.யை உள்ளே தள்ளினேன்.

முதலில் பாட்டே வரவில்லை. பள்ளிக்கூடம் வந்தது! வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்து ஒரு குரல் சொல்லிக்கொடுக்கிறது. அகதிப் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு அது. லண்டனில் பிறந்து, ஆறு மாசக் குழந்தையாக இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்துவிட்டு, பத்துப் பதினோரு வயசில் அகதியாக மறுபடி லண்டனில் வந்து இறங்கிய பெண்ணின் கதை முப்பது சொச்சம் விநாடியில் முடிந்துவிட்டது. எங்கள் ஒண்ணாங்கிளாஸில் சார் 'ஆ... டு' என்றால் நாங்கள் 'ஆ... டு' என்று ராகம் போடுவோமே, அதேதான். அப்பா சிரித்துவிட்டார்.

அடுத்த விநாடி 'புல் அப் த பீப்பிள்'. ஷெட்டில் ஆணி டப்பா குதித்துக் கீழே விழுந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே விழுந்தது.

இந்தச் சத்தத்தைப் பண்ணிய கருவி எது தெரியுமா? ரோலண்ட் எம்.சி.505 என்று ஒரே ஒரு பொட்டி. மேசைமேல் வைத்துப் பொத்தானைத் தட்டினால் தாளம், அடியோசை, விசில் எல்லாம் வரும். அதுவும் இரவல் பொட்டி. எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் மாயாவின் தோழி. மாயா படிப்பில் ஓவியம், சினிமாக்காரி. அந்தக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் போட்டு, அவர்கள் ஊர் ஊராகப் போனபோது வீடியோ எடுக்கக் கூடவே போயிருக்கிறார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி தனி ஆளாக நின்று இந்தப் பொட்டியை வைத்துக் கூட்டத்தை ஆட்டுவதைப் பார்த்திருக்கிறார். 'நீயும் செய்யேன்' என்று பீச்சஸ் சொல்ல, ஃபிரிஷ்மனின் பொட்டி மாயாவின் படுக்கையறைக்கு வந்தது. சங்கீதம் படிக்காத பெண் அதில் தட்டித் தட்டிப் பார்த்து ஆல்பத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார். வில்லுப்பாட்டுக்காரருக்கு ஒரு வில்லும் ஒரு குடமும் போதாதா என்ன? சாத்தூர், விளாத்திகுளம் பக்கமெல்லாம் வில்லடிக்கிறவர்கள் விடிய விடியக் கதை சொல்வது அந்த ஒரு வில்லையும் குடத்தையும் வைத்துத்தானே.

மாயா ராப் பண்ணும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதை வேறு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அமெரிக்க ராப்பர் பாடினால் சண்டைக்கு வருகிற ஆள் மாதிரி இருக்கும். நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு வருவார். மாயாவின் குரலில் அது கிடையாது. எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் லீவு நாளில் பெண்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடும்போது ஒரு பாட்டுப் பாடுவார்கள், நினைவிருக்கிறதா? ஏற்ற இறக்கம் அதிகம் இருக்காது. மூக்கிலிருந்து வரும். கல்லைப் பிடிக்கிற நேரத்துக்கு அசை சரியாக விழும். கேலியும் இருக்கும். அந்தக் குரல்தான் இது. துப்பாக்கியைப் பற்றியும் குண்டைப் பற்றியும் சொட்டாங்கல் பாட்டில் பாடினால் எப்படி இருக்கும்? முதுகு சில்லிட்டது எனக்கு.

இப்போது விருந்தாளிகள் விஷயத்துக்கு வருவோம். ராப்பில் முதல் ஆல்பம் என்பது கிட்டத்தட்டக் கல்யாணம். பெரிய ஆட்கள் வந்து ஆளுக்கு எட்டு வரி, பதினாறு வரி பாடிவிட்டுப் போவார்கள். நான் இதை மொய் என்றுதான் சொல்வேன். இன்றைக்கு நீ என் ஆல்பத்தில் பதினாறு வரி எழுதினால் நாளைக்கு உன் ஆல்பத்தில் நான் திருப்பி எழுதவேண்டும். நோட்டில் இருக்கிறது கணக்கு. 2004இல் வந்த கான்யே வெஸ்டின் முதல் ஆல்பம் 'காலேஜ் டிராப்அவுட்' எடுத்துக்கொள்ளுங்கள். ஜே-ஸி, லூடாகிரிஸ், மாஸ் டெஃப், காமன், ஜேமி ஃபாக்ஸ் என்று பந்தலே நிறைந்து வழிகிறது. நல்ல ஆல்பம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சில இடங்களில் மாப்பிள்ளையைத் தேடவேண்டியிருக்கிறது.

நம்மிடமும் இது புதிதல்ல. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வந்தபோது எனக்குப் பத்து வயசு. அப்பா அந்த கேசட்டை ஊர் ஊராக அலறவிட்டார். சுரேஷ் பீட்டர்ஸும் ஷாகுல் ஹமீதும் பாடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு கிழவியின் குரல் வந்து விழுமே, தேனி குஞ்சரம்மாள்! அந்தப் பாட்டின் நிஜமான ராப்பர் அந்த அம்மாதான் என்று நான் இன்றைக்கும் சண்டை போடுவேன். விருந்தாளி என்றால் அப்படி வரவேண்டும். வந்தால் வீடு மாறிவிடவேண்டும்.

'அருளர்' ஆல்பத்தில் இப்படிப் பெயர் போட்டு வந்து பதினாறு வரி பாடிய பெரிய ராப்பர் ஒருத்தர்கூடக் கிடையாது. முதல் ஆல்பம் போடுகிற ஒரு பெண், ஒரு பெரிய ஆளின் தோளையும் பிடிக்காமல் நாற்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார். மொய் நோட்டே கிடையாது. இந்தத் துணிச்சலுக்கே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

விருந்தாளிகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள், முகம் காட்டாமல். 'பக்கி டன் கன்' பாட்டில் ஊதலும் அடியுமாக ஒன்று வருகிறது. அப்பா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'ஏல, இது கொம்புல்ல? சாமி பொறப்பாடா?' என்றார். கொம்பு இல்லை, 'ராக்கி' படத்தில் குத்துச்சண்டைக்காரர் ஓடும்போது வரும் ட்ரம்பெட். அதை முதலில் எடுத்தது பிரேசிலில் ரியோ நகரத்துச் சேரியில் பாடும் டெய்ஸி டிக்ரோனா. அவரிடமிருந்து டிப்ளோ எடுத்து மாயாவிடம் கொடுத்தார். ஹாலிவுட்டில் பிறந்து ரியோ சேரிக்கு வாக்கப்பட்டு, அங்கிருந்து லண்டனுக்கு வந்து, பசுவந்தனையில் கொம்பாகக் கேட்கிறது ஒரு ஊதல்!

'சன்ஷவர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. அதன் பல்லவி 1976இல் டாக்டர் பஸர்ட்ஸ் ஒரிஜினல் சவானா பேண்ட் பாடிய பழைய இனிப்பான பாட்டு. வெயிலடிக்கும்போதே மழை பெய்வதைப் பற்றியது. நம் பக்கம் அப்படிப் பெய்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். பாட்டும் அப்படித்தான்: பல்லவி முழுக்கக் கல்யாணம், சரணம் முழுக்கச் சாவு. சந்தேகத்தின் பேரில் ஒருவனைச் சுற்றி வளைத்துக் கொல்லுகிற கதையைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி தேன் சொட்டும் பல்லவிக்குத் திரும்பிவிடுகிறார். இதன் வீடியோவை ராஜேஷ் டச்ரிவர் எடுத்தார், தென்னிந்தியக் காட்டுக்குள். பாட்டில் பாலஸ்தீன இயக்கத்தின் பெயர் வரும் ஒரு வரியை எடுத்தால்தான் போடுவோம் என்றது எம்.டிவி. மாயா எடுக்கவில்லை. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

'யு.ஆர்.ஏ.க்யூ.டி.' பாட்டில் குவின்ஸி ஜோன்ஸ் எழுபதுகளின் அமெரிக்க டிவி நாடகம் ஒன்றுக்குப் போட்ட முகப்பு இசை மறைந்திருக்கிறது. 'ஹோம்ப்ரே' பாட்டின் தாளத்துக்கோ இந்தியாவில் வாங்கிய விளையாட்டுச் சாமான்களையும் பேனாவையும் செல்போனையும் தட்டிச் சத்தம் எடுத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. கைலாசநாதர் கோயில் திருவிழாக் கடையில் இழுத்துக்கொண்டு போனால் டமடம என்று அடிக்குமே ஒரு மண்சட்டி வண்டி, அது உள்ளே இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது என்றே இன்றும் நம்புகிறேன். யாரும் வந்து கலைக்கவேண்டாம்.

குறையே இல்லையா? இருக்கிறது. நடுநடுவே வரும் பேச்சுத் துண்டுகளில் முதலாவதைத் தவிர மற்றவை இரண்டாம் தடவை கேட்கும்போது கைக்கு வேலை வைக்கும். 'பிங்கோ' காதில் நிற்கமாட்டேன் என்கிறது. 'அமேசான்' பற்றி அத்தானுக்கும் எனக்கும் தகராறு. 'இழுவையா இருக்கு மாப்ளே' என்பார் அவர். எனக்கோ ஆல்பத்தின் உயிரே அங்கேதான். தொலைந்துபோன ஒருத்தி, தன்னைத் தேடுகிறார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பாட்டு. துள்ளல் குறைந்து, குரல் தனியாக நிற்கும். சிங்கப்பூரில் எட்டுப் பேர் படுக்கிற ரூமில் இருக்கிற அத்தானுக்கு இது பிடிக்காமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அதனால்தான் பிடிக்கவில்லையோ என்னமோ.

கடைசியில் 'கலாங்'. பாட்டு முடியப்போகிறது என்று நினைக்கும்போது சொல்லே இல்லாமல் ஒரு கூவல் எழும்பும். ஒரு பெண் பலராகி, தெருவே சேர்ந்து கூவுகிற மாதிரி. மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி எடுத்துப் போகும்போது ஒரு பொம்பளை குலவையைத் தொடங்கினால் எட்டு வீடு தள்ளி இன்னொருத்தி எடுப்பாளே, அது. ஷெட்டுக்கு வெளியே நின்றிருந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் அப்படியே திருப்பிக் கூவின. அன்றைக்கு ராத்திரி அந்தத் தட்டை நாலு தடவை போட்டோம். மரமில்லாத கரிசலில் ராத்திரிச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் வந்து, 'யார் வீட்ல விசேஷம்?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் பெரிய விருந்தாளியைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. அட்டையிலேயே பெயர் இருக்கிறதே, அவர்.

அருளர் என்பது மாயாவின் அப்பா அருள்பிரகாசத்தின் இயக்கப் பெயர். மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். 1975இல் லண்டனில் ஈரோஸ் என்ற ஈழத்தமிழர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். (இவரைப் புலி என்றே பல வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு. ஆல்பத்தின் அட்டையில் புலிப் படம் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்காரரையே மாற்றி எழுதிவிடுவதா?) நம் வாசகர்களுக்கு அவரை வேறு வழியில் தெரிந்திருக்கலாம்: 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலின் கதை. அந்த ஆளுக்கு வீட்டில் இருக்க நேரமில்லை. எப்போதாவது யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை அப்பா என்று சொல்லாமல் உறவுக்காரர் என்று சொல்லிவைத்தார்களாம்; ராணுவம் கேட்டால் பிள்ளைகள் உளறிவிடக்கூடாதே. தைத்துச் சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்த்தது அம்மா கலா.

அப்படிப்பட்ட அப்பாவின் பெயரைத்தான் மகள் தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தார். பெயரைப் பார்த்தாவது வருவார் என்ற நினைப்பு. வந்தது ஒரு மின்னஞ்சல்தான், ஆல்பத்தின் பெயரை மாற்றச் சொல்லி. இதைப் படித்தபோது பிரவுசிங் சென்டரில் எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ போலவும் இருந்தது.

ராப் கேட்கிற ஆட்களிடம் முதல் ஆல்பம் என்றால் எல்லாரும் கும்பிடுவது நாஸ் 1994இல் போட்ட 'இல்மேடிக்' ஆல்பத்தை. அதில் ராப் பாட வந்த விருந்தாளி ஏ.ஸி. என்று ஒரே ஒருவர். அதே பாட்டின் கடைசியில் இன்னொருவரும் வருகிறார், பேசாமல் கார்னெட் வாசித்துவிட்டுப் போகிறார். அவர் ஓலு டாரா, நாஸின் அப்பா. மகன் வாழ்க்கையைத் திட்டிப் பாடி முடிக்கிறான், அப்பா ஓரமாக நின்று ஊதுகிறார். அதைக் கேட்ட பிறகு 'அருளர்' தட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அங்கே அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. பந்தியில் முதல் இலை போட்டு, தண்ணி தெளித்து, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிற மாதிரி. இந்த ஆல்பத்துக்குப் பெரிய ராப்பர் யாரையும் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு நான் வைத்திருக்கும் காரணம் இதுதான். மாயாவிடம் கேட்டால் இல்லை என்றுகூடச் சொல்லலாம். எனக்குக் கவலையில்லை, முப்பது தடவைக்கு மேல் கேட்டவன் நான்.

இரண்டாவது ஆல்பம் 2007இல். அதற்கு அம்மாவின் பெயர், 'கலா'. அமெரிக்க விசா இழுத்தடித்ததால் நாடு நாடாகச் சுற்றிப் பதிவுசெய்தார். விருந்தாளிகள் வந்தார்கள்: ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பையன்கள் வில்கானியா மாப், ஆப்பிரிக்கன் பாய், டிம்பலண்ட். 'தளபதி' படத்தின் காட்டுக்குயில் பாட்டிலிருந்து ஒரு துண்டு வழியாக இளையராஜாவும் வந்துவிட்டார். சென்னைக்கும் வந்து உருமி அடிக்கிறவர்களைக் கூட்டிப் பதிவுசெய்தார். 'பாய்ஸ்' பாட்டில் அந்த உருமி விழும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

2011 சித்திரையில் பக்கத்து ஊர்க் கொடைக்கு உருமி மேளம் வந்திருந்தது. ஆட்டம் ஓய்ந்த நேரம். உருமி அடிக்கிற பெரியவரிடம் 'அண்ணாச்சி, ஒண்ணு கேளுங்க' என்று 'பாய்ஸ்' போட்டேன். ஜமீன் கோடங்கிபட்டிப் பக்கம் தேவராட்டம் பார்த்து வளர்ந்த மனுஷர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

'யாரு பாடுறது?'

'நம்ம தமிழ்ப் பொண்ணுதான் அண்ணாச்சி. லண்டன்.'

'மேளம் மெட்ராஸ்காரன் அடி. உருட்டு நல்லா இருக்கு, இழுப்பு பத்தாது.' பிறகு வளைந்த குச்சியை எடுத்து, தோலில் தேய்த்து, அந்தப் பாட்டோடு சேர்ந்து இழுத்துக் காட்டினார். உருமி முனகியது. டிம்பலண்ட் எல்லாம் எதற்கு? இவரைக் கூப்பிட்டிருக்கவேண்டும் அந்த ஆல்பத்துக்கு!

இவ்வளவுக்குப் பிறகும் 'கலா'வா 'அருளர்' ஆல்பமா என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். 'கலா' உலகம் முழுக்க நடந்த கல்யாணம். முதலாவது படுக்கையறையில் இரவல் பொட்டியோடு உட்கார்ந்த ஒருத்தி. மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா 2006இல் போட்ட 'வல்லவன்' ஆல்பத்தையும் ராப்பர் அறிவையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன்தான். தமிழில் ராப் கேட்கிற சுகமே வேறு. ஆனாலும் தனி ஆளாக நடு ராத்திரியில் ஷெட்டில் உட்கார்ந்தால் கை போவது இந்த ஆங்கிலத் தட்டுக்குத்தான்.

2019 டிசம்பர் முதல் வாரம். கார்த்திகை மாதம், செட்டுக்கு வேலையில்லை. மக்காச்சோளக் காட்டில் தண்ணி நின்ற மழை. செல்போனில் செய்தி வந்தது, அருளர் இறந்துவிட்டார் என்று. நான் ஷெட்டில் பொட்டிக்கு மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

'யாருல செத்தது?'

'ஒரு எழுத்தாளர்ப்பா. யாழ்ப்பாணம்.'

'நமக்குத் தெரிஞ்ச ஆளா?'

'அவுக மக பாட்டு நம்ம செட்டுல ஓடியிருக்கு. ஆணி டப்பா விழுந்துச்சே, அந்தப் பாட்டு.'

அப்பா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழவு வீட்டுக்குச் செட்டுப் போட்டால் அவர் பேரம் பேசமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

'போடு ஒண்ணு,' என்றார். 'சத்தமா வேண்டாம்.'

'அமேசான்' போட்டேன்.